பீட்டர் பார்க்கர் சொல்லாமல் விட்டது

அன்புள்ள ஐயா,

வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். வீடு குடியாத்தத்தில். அம்மா பீடி சுற்றுகிறார். கல்லூரியிலிருந்து திரும்பியதும் நானும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். புத்தகத்தைத் திறக்கும்போது இரவு பத்தரை ஆகிவிடும். சென்ற பருவத்தில் தம்பிக்கு மஞ்சள் காமாலை முற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். அம்மா கூலியை விட முடியாது என்பதால் அவனுடன் நான் இருந்தேன். வருகைப்பதிவு குறைந்துவிட்டது. துறைத்தலைவர் காரணம் கேட்டார். தலைகுனிந்து நின்றேனே தவிர, வாய் திறக்கவில்லை.

வகுப்பில் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறேன், யார் பக்கத்திலும் உட்காருவதில்லை என்பதால். விரலில் புகையிலை வாசம் போகாது. அதனால்தான் உட்காருவதில்லை.

மாமா மகன் கொடுத்த பழைய ஸ்பைடர்மேன் தொகுப்புகளைப் படித்துவருகிறேன். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கர் கல்லூரியில் சேரும் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "இந்த வயதில் பொம்மைப் புத்தகமா?" என்று அண்ணன் திட்டுகிறான். படிப்பையும் தலைமேல் விழுந்த பொறுப்பையும் பீட்டரால் ஒருசேரக் கொண்டுசெலுத்த முடிந்ததா? முடிந்தது என்றால் எப்படி? பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்., குடியாத்தம்

*

அன்புள்ள எஸ்.,

முடியவில்லை. ஒருநாளும் முடியவில்லை. அவனை நீங்கள் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஸ்பைடர் என்றதும் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் பிரிட்டிஷ் ஸ்பைடர்தான் நினைவுக்கு வருவான். இவன் வேறு. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962 ஆகஸ்ட் இதழில் கொண்டுவந்த பீட்டர் பார்க்கர். அதுவரை அமெரிக்கக் காமிக்ஸில் பதின்வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய நாயகனின் எடுபிடிகளாகவே வந்தார்கள். இவனுக்கு மேலே யாரும் இல்லை. பெரியப்பா கொலையுண்டு போனார். வீட்டில் நோயாளியான பெரியம்மா. சாகசம் செய்யும் தன்னையே படமெடுத்துப் பத்திரிகைக்கு விற்றுத்தான் வீட்டுச் செலவைப் பார்க்கிறான். அந்தப் பத்திரிகை அந்தப் படங்களைப் போட்டே அவனைத் திட்டித் தீர்க்கிறது.

நீங்கள் சொல்லும் பகுதி 'அமேசிங் ஸ்பைடர்மேன்' வரிசையில் 1965 டிசம்பர் தேதியிட்ட 31ஆம் இதழில் தொடங்குகிறது. அவன் எம்பயர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேரும் வேளையில் மே பெரியம்மா மயங்கி விழுகிறார். மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இவன் உடம்பு வகுப்பில், மனம் வார்டில். கூடப் படிக்கும் க்வென் ஸ்டேசி பேச வருகிறாள், ஹாரி ஆஸ்பார்ன் பேச வருகிறான். காதில் விழாதவனாக அவர்களைக் கடந்து போகிறான். திமிர் பிடித்தவன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உங்களுக்குக் கிடைத்த அதே பட்டம்.

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். தான் ஸ்பைடர்மேன் என்பதை பீட்டர் மறைத்தாக வேண்டும். வெளியே தெரிந்தால் எதிரிகள் வீட்டுக்கு வருவார்கள். ஆனால் பெரியம்மா மருத்துவமனையில் கிடப்பதை எதற்காக மறைக்க வேண்டும்? "வீட்டில் உடம்பு சரியில்லை, மன்னித்துக்கொள்" என்று க்வெனிடம் சொல்லியிருந்தால் எந்த எதிரிக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்த ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வரவில்லை. ஒன்றை மறைத்துப் பழகியவன் மறைக்கத் தேவையில்லாததையும் சேர்த்து மறைத்துவிட்டான். அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவனைக் கடித்தது கதிரியக்கம் ஏறிய சிலந்தி. முன்பு பெரியம்மாவுக்கு அவன் கொடுத்த ரத்தத்தில் இருந்த அந்தக் கதிரியக்கம்தான் பெரியம்மாவைப் படுக்கையில் தள்ளியது. குற்றவுணர்ச்சி அவன் தொண்டையை அடைத்திருக்கும். நோய் வந்த காரணம் ரகசியம், சரி. நோய் ரகசியமல்ல.

33ஆம் இதழை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும்தான். பல டன் எடையுள்ள இயந்திரம் அவன் முதுகின் மேல் கிடக்கிறது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பெரியம்மாவின் உயிரைக் காக்க வேண்டிய மருந்து எதிரில் தரையில் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. டிட்கோ அவசரப்படவில்லை. பக்கம் பக்கமாக அந்த ஒரே முயற்சியை வரைகிறார். கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போய், அவன் பாரத்தை உயர்த்தி எழும் கணத்துக்கு ஒரு முழுப்பக்கம். மருந்தும் போய்ச் சேருகிறது. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவனுக்கு வகுப்பில் ஒரு நண்பன் இல்லை என்பதையும் அதே கதை சொல்கிறது. அதை யாரும் கொண்டாடுவதில்லை.

அதற்குப் பிறகும் சீராகவில்லை. 1967 ஜூலையில் வந்த 50ஆம் இதழில் மதிப்பெண் சரிந்து, பெரியம்மாவுக்கும் மறுபடி உடம்பு கெட்டு, ஸ்பைடர்மேன் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மழையில் நடந்து போகிறான். பட்டமளிப்பு விழா வருவது 1978இல், 185ஆம் இதழில். அன்றும் பட்டம் கையில் வரவில்லை. உடற்பயிற்சி வகுப்பு ஒன்றை முடிக்காமல் விட்டிருக்கிறான்! இயந்திரத்தைத் தூக்கியவனுக்கு அந்த வகுப்புக்குப் போக நேரமில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போயிற்று. உங்களுக்குப் புரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பீட்டரைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள். மறைத்தாக வேண்டியது என்று உங்களிடம் எதுவுமே இல்லை. அம்மா பீடி சுற்றுவதும், தம்பி படுத்திருந்ததும், நீங்கள் அவன் கட்டிலருகே இருந்ததும் எவரிடமும் சொல்லக்கூடியவை. விரலில் இருக்கும் வாசத்துக்காக ஒதுங்கி உட்காருகிறீர்களே, அதைப் படித்து வருந்தினேன். வட ஆற்காட்டில் அந்த வாசம் தெரியாத வகுப்பறை உண்டா? குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ ஆசிரியர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள் அந்த முறத்தின் பக்கத்திலிருந்து எழுந்து போனவர்கள். ஆம்பூரிலிருந்து வரும் பிள்ளைகள் அப்பாவின் சட்டையில் தோல் வாசத்தோடு வளர்ந்தவர்கள். உங்கள் வகுப்பிலேயே கே.வி.குப்பத்திலிருந்தோ லத்தேரியிலிருந்தோ வரும் ஒரு பெண் இதே காரணத்துக்காக இன்னொரு மூலையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவளையும் மற்றவர்கள் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் தொகுப்பில் 39ஆம் இதழ் இருந்தால் பாருங்கள். ஹாரி தன் அப்பாவைப் பற்றிய கவலையை பீட்டரிடம் சொல்கிறான். பீட்டர் காதுகொடுத்துக் கேட்கிறான். அவர்கள் நட்பு அங்கேதான் முளைக்கிறது. இத்தனைக்கும் அங்கே யாரும் முகமூடியைக் கழற்றவில்லை.

அண்ணனுக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. 33ஆம் இதழை அவர் கண்ணில் படும்படி வையுங்கள், போதும்.

துறைத்தலைவரை இந்த வாரமே பாருங்கள். தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள். வருகைப்பதிவு குறைந்தவர்களுக்கு மருத்துவக் காரணத்தின் பேரில் விலக்குக் கேட்கும் வழி கல்லூரிகளில் உண்டு. ஆனால் காரணத்தை நீங்கள் சொன்னால்தான் அவரால் எழுத முடியும். இன்னொன்று: பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உங்களுக்கு உண்டு. வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை.

பீடித் தொழிலாளர் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து அனுப்பவேண்டும். அம்மா என்ன வேலை செய்கிறார் என்பது அப்போது எப்படியும் அலுவலகத்துக்குத் தெரியவரும். தாளில் தெரிவதற்கு முன் துறைத்தலைவரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.