வயலின் பயிலும் மகளுக்கு இசைப் பட்டப் படிப்பு: மன்னார்குடித் தந்தைக்கு ஒரு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் வணிகவியலை விடுத்து இசை படிக்க விரும்புவதாகவும், கச்சேரியை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்று வீட்டில் எல்லோரும் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் நியாயமானது. முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தில் நாதசுர, தவில் கலைஞர்களின் வீடுகள் எப்படித் திணறும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

ஆயினும், மேடையா ஆசிரியப் பணியா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஆண்டுகளிலும் மேடையை விடவில்லை. வீணை தனம்மாளின் பேரரான புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்துக்கொண்டே வாசித்தும் வந்தார்.

பலர் தவறுவது சான்றிதழில்தான். பட்டயமும் (டிப்ளமோ) பட்டமும் ஒன்றல்ல. திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலோ வேறெங்கோ சேர்க்கும்போது, அது பல்கலைக்கழகப் பட்டம்தானா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியராவதற்கு 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் பொதுவான தகுதிகள். நெட் தேர்வில் இரண்டு தாள்களுக்குமாக 300 மதிப்பெண்கள். வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருவதால், தமிழ் வழியில் படித்த பிள்ளை இசை இலக்கணக் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் அறிந்திருக்க வேண்டும். இதை முதலாண்டிலேயே தொடங்கினால் பாரமாகத் தெரியாது.

இன்னொரு வழியும் அதே விதிகளில் உண்டு. இளங்கலைப் பட்டத்துடன், புகழ்பெற்ற குருவிடம் பயின்று, வானொலி அல்லது தூரதர்ஷன் கலைஞர்களுக்கு வழங்கும் தரவரிசையில் 'ஏ' நிலை பெற்று, பாடத்தை விளக்கிக் கற்பிக்கும் திறனும் உடைய தேர்ந்த கலைஞரையும் உதவிப் பேராசிரியராக நியமிக்கலாம். ஆகவே படிக்கும் காலத்திலேயே திருச்சி வானொலி நிலையத்தின் வாத்தியத் தேர்வுக்கு அவள் தயாராகட்டும். 'பி' நிலையில் தொடங்கி 'ஏ' நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இதைத் தள்ளிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை.

வயலின் என்பது நல்வாய்ப்பு என்றே கருதுகிறேன். பாட்டுக் கச்சேரிக்கும் நாட்டிய நிகழ்ச்சிக்கும் பக்கவாத்தியமாக அது வேண்டியிருப்பதால், பெயர் வரும் முன்பே மேடைப் பழக்கம் கிடைத்துவிடும். ஆனால் கல்லூரி வகுப்பு நேரம் மட்டும் போதாது, இப்போதைய குருவை எக்காரணத்தாலும் விடவேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. தகுதி பெற்ற பின்னும் சில ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகவே இருக்க நேரிடலாம். அக்காலத்தில் வீட்டு வகுப்புகளும் இணையவழி வகுப்புகளும் கைகொடுக்கும்.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன், ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு திருவையாற்றுக்குச் சென்று, அங்கே படித்து முடித்த இரண்டு மூன்று மாணவியரிடம் நேரில் பேசிவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.