டிரெய்லருக்கு இடது பக்கம் போகாதே!

கேள்வி: எர்ணாவூரில் இருக்கிறோம். மகளுக்குப் பாரிமுனையில் வேலை கிடைத்திருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலை வழியாக ஸ்கூட்டரில் போய் வருகிறாள். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். வழி நெடுகக் கண்டெய்னர் லாரிகள். “இடது ஓரமாகவே போ, வேகமாகப் போகாதே” என்று தினமும் சொல்லி அனுப்புகிறேன். அது போதுமா?

பதில்: வேகத்தைப் பற்றிச் சொன்னது சரி அம்மா. ‘இடது ஓரமாகவே போ’ என்பதை மட்டும் இந்தச் சாலையைப் பொறுத்தவரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கனரக வண்டி ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவர்களை முதல் நாள் சாவியைத் தொடவே விடமாட்டேன். நிற்கிற டிரெய்லரில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, என்னுடைய பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் கேபினின் இடது கதவை ஒட்டி நிறுத்துவேன். “என்னப்பா தெரியுது?” என்று கீழே இருந்து கேட்டால், “ரோடு தெரியுது சார்” என்று பதில் வரும். ஸ்கூட்டரைப் பற்றிப் பேச்சே இருக்காது. இறங்கிச் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் முகம் மாறும்.

காரணம் எளிது. நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலது பக்கம், அதுவும் தரையிலிருந்து ஆள் உயரத்தில். இடது கதவின் ஜன்னல் அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அந்த ஜன்னலின் கீழ் விளிம்புக்குக் கீழே இருப்பதெல்லாம் கதவுத் தகடு மறைத்துவிடும். கீழே பார்க்கும் கூடுதல் கண்ணாடி சில வண்டிகளில் உண்டு. அது தூசி படிந்து கிடக்கிறதா, திரும்பிக் கிடக்கிறதா என்பது உங்கள் மகளுக்குத் தெரியாது.

தெரியாமல் இருப்பதோடு முடிந்தால் பரவாயில்லை. டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போதுதான் வினை. 40 அடிக் கண்டெய்னரும் முன்னால் இருக்கிற எஞ்சின் பகுதியும் சேர்ந்தால் 50 அடியைத் தாண்டும். இவ்வளவு நீளமும் ஒரே தடத்தில் திரும்பாது. முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாகக் குறுக்கே அறுத்துக்கொண்டு வரும். அதற்கு இடம் வேண்டுமென்று டிரைவர் முதலில் வண்டியை வலது பக்கம் ஒதுக்கி எடுப்பார். பின்னால் வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? ‘லாரி வலது பக்கம் போகிறது, இடதில் இடம் கிடைத்துவிட்டது’ என்றுதான். நுழைகிறார். அடுத்த நான்கைந்து நொடியில் கேபின் இடது பக்கம் திரும்ப, கண்டெய்னர் கதவு சாத்துகிற மாதிரி வந்து மூடும். ஹாரன் அடித்தும் பயனில்லை, எஞ்சின் சத்தத்தில் அது மேலே எட்டாது. சரக்கோடு ஒரு கண்டெய்னர் 30 டன் வரை இருக்கும். ஸ்கூட்டரை ஏற்றிவிட்டோம் என்பதே டிரைவருக்குத் தெரியாமல் போகலாம்.

ஆகவே மகளிடம் சொல்ல வேண்டியது இது: டிரெய்லருக்கு இடது பக்கம் போகாதே. ஓடினாலும் சரி, சிக்னலில் நின்றாலும் சரி. பின்னாலேயே இரு, அதன் இரண்டு பக்கக் கண்ணாடியும் உன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இரு. கண்டெய்னர்களை அடுக்கி வைக்கிற யார்டுகளின் வாசல், துறைமுகத்துக்குப் பிரிகிற இடம், மணலிப் பக்கம் திரும்பும் சந்திப்பு, இங்கெல்லாம் இண்டிகேட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி திரும்பும் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, நிற்கிற டிரெய்லரிலிருந்து ‘புஸ்’ என்று காற்றுச் சத்தம் வரும். ஏர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போதும் வரும், ஹேண்ட் பிரேக் போடும்போதும் வரும். எது என்று வெளியில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. கிளம்பப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விலகி நிற்பதே நல்லது.

அப்புறம் அந்த வரிசை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வண்டிகள் இடது லேனை அடைத்து நிற்கும் நாட்களில் எல்லோரும் வலது லேனில்தான் போயாக வேண்டும். அப்போது நிற்கிற லாரிகளை உரசிக்கொண்டு போகக் கூடாது, நாலைந்து அடி தள்ளிப் போக வேண்டும். இது பெயரில்தான் விரைவுச் சாலை. ஒரு பக்கம் வீடும் கடையும், இன்னொரு பக்கம் குப்பமும் கடலும். இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து டீ வாங்கப் போன கிளீனர் வருவார், மீன் கூடையோடு ஒரு பாட்டி வருவார், சைக்கிளில் ஒரு பையன் வருவான். உங்கள் மகளும் அந்தச் சந்தில் புகுந்து யூ டர்னுக்குக் குறுக்கு வழி தேடக் கூடாது. டிரைவருக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதும் தெரியாது.

ஓரத்தைப் பற்றி இன்னொரு விஷயம். கடல் மணலும், லாரிகளிலிருந்து சிந்துகிற தூளும் காற்றில் ஒதுங்கிச் சேருவது சாலையின் விளிம்பில்தான். அதன்மேல் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். லேனின் நடுவில், முன்னால் போன டயர்கள் துடைத்து வைத்திருக்கிற தடத்தில் போவது நல்லது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்துத் திட்டினால் திட்டட்டும்.

இரவு எட்டரை மணிதான் எனக்குக் கவலை. விளக்கு எரியாமல், பின்னால் ஒட்டிய சிவப்பு ரிஃப்ளெக்டர் மேல் புழுதி படிந்து நிற்கிற டிரெய்லரைக் கிட்டே போகும்வரை கண்டுபிடிக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்த்துச் சுதாரிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நல்ல தரையில் சுமார் 23 மீட்டர். மொத்தம் 48 மீட்டர், அதாவது மூன்று டிரெய்லர் நீளம். இதுவே 40 கி.மீ. என்றால் எல்லாம் சேர்த்து 27 மீட்டரில் வண்டி நின்றுவிடும். வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி என்றது இதனால்தான். இரவில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் வேண்டாம். தோள்பையின் பின்பக்கம் ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டிக் கொடுங்கள், சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால் 108. 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர்களுக்குத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் உங்கள் மகள் பயப்படாமல் உதவலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பெயர், விலாசம் சொல்லியே தீர வேண்டும் என்று உதவியவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசியாக, ஸ்கூட்டரில் போவது எப்படி என்று கேட்டீர்கள், அதற்குச் சொல்லிவிட்டேன். என் பெண்ணாக இருந்தால் மெட்ரோவில் போகச் சொல்வேன். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடுகிறது. எர்ணாவூரிலிருந்து அது கூப்பிடு தூரம். மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கினால் பாரிமுனைக்கு நடந்தே போய்விடலாம். தினமும் முடியாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலாவது ஸ்கூட்டர் வீட்டிலேயே நிற்கட்டும்.