படத் திருத்த மென்பொருளில் லேயர் என்றால் என்ன, ஏன் தேவை?

லேயர் என்பது படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு. புகைப்படத்தின் மீது கண்ணாடித் தகட்டை வைத்து அதில் எழுதுவது போலத்தான். எழுத்து பிடிக்கவில்லையென்றால் கண்ணாடியைத் துடைத்தால் போதும்; அடியில் இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

லேயர் இல்லாத படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே நிறம்தான் பதிவாகும். அதன்மேல் எழுத்தைப் போட்டுச் சேமித்து மூடிவிட்டால் பழைய நிறம் போனதுதான், மீட்க வழியில்லை. லேயர் இருந்தால் ஒவ்வொன்றும் தன் நிறத்தையும், கீழே இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவையும் தனியே வைத்திருக்கும். 1994-இல் போட்டோஷாப் 3.0 லேயர்களைக் கொண்டுவந்தது.

முதல் வேலையாக மூலப்படத்தை நகலெடுங்கள்: போட்டோஷாப்பில் கன்ட்ரோல்+ஜே, கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் கன்ட்ரோல்+ஷிப்ட்+டி. திருத்தங்களை நகலில் மட்டும் செய்யுங்கள். வேண்டாத பகுதியை அழிப்பானால் அழிப்பதைவிட, லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க் எவ்வளவோ மேல். மாஸ்க்கில் கறுப்பு தீட்டினால் அந்த இடம் மறையும், வெள்ளை தீட்டினால் திரும்ப வரும், சாம்பல் பாதி தெரியவிடும்.

தூரிகை ஓடியும் எதுவும் மாறவில்லையா? பெரும்பாலும் வேறு லேயர் தேர்வாகியிருக்கும், பட்டியலைப் பாருங்கள். கிம்பில் அழித்த இடம் வெள்ளையாகவே நின்றால், அந்த லேயருக்கு ஆல்ஃபா சேனல் (எவ்வளவு மறைக்கிறது என்ற அளவின் பதிவு) இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னணி ஒளி ஊடுருவுவதாக இருப்பதால் பிஎன்ஜி கோப்பில் லேயர்களும் இருக்கும் எனப் பலர் நம்புகிறார்கள். அதில் எல்லாம் ஒன்றாகிவிடும், லேயர்கள் வேண்டுமென்றால் போட்டோஷாப்பின் பிஎஸ்டி அல்லது கிம்பின் எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமிக்க வேண்டும்.