டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டில், மந்திர அம்பு ஏவும் என் மேஜிக் மிசைல் மந்திரக்கோலில் ஒரே ஒரு சார்ஜ் மிச்சம் இருக்கிறது. அதைச் செலவழித்தால் கோல் போய்விடுமா?

தாராளமாகச் செலவழியுங்கள். இதே கேள்விக்கு ஒருமுறை நான் தவறாகப் பதில் சொன்னேன். அதனால் எங்கள் ஆட்டக் குழுவில் ஒரு கிளெரிக் (பூசாரிக் கதாபாத்திரம்) செத்துப்போனார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன், முதலில் விதி.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், அதாவது 2014இல் வந்த புத்தகத்தில், இந்தக் கோலுக்கு 7 சார்ஜ். நீங்கள் ஆடுவது ரோக் (திருடன் கதாபாத்திரம்) என்றும், மந்திரம் எதுவும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. ஃபயர்பால் கோலுக்கு வேண்டியிருப்பது போல இதற்கு அட்டியூன்மென்ட் (கோலோடு முன்கூட்டியே மனதைப் பிணைத்துக்கொள்வது) தேவையில்லை. கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் தன் முறைக்குரிய ஓர் ஆக்‌ஷனைச் செலவிட்டு ஏவலாம். ஒரு சார்ஜுக்கு மூன்று அம்புகள் பறக்கும். ஒவ்வொன்றும் நான்கு முகப் பகடையில் விழுவதோடு 1 கூட்டிச் சேதம் தரும். 120 அடிக்குள் கண்ணில் படுகிற எதிரி என்றால் குறி தப்பவே தப்பாது. வாயைக் கட்டிப் போட்டிருந்தாலும் ஏவலாம், ஏனென்றால் கோலிலிருந்து வரும் மந்திரத்துக்கு உச்சரிப்பும் கையசைவும் வேண்டாம்.

தினமும் விடியற்காலையில் ஆறு முகப் பகடையை உருட்டி, அதோடு 1 கூட்டினால் வருகிற அளவுக்குச் சார்ஜ் திரும்ப ஏறும். குறைந்தது 2, அதிகபட்சம் 7. கடைசிச் சார்ஜைச் செலவழித்தால் மட்டும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் கோல் சாம்பல். வேறு எது விழுந்தாலும் கோல் காலியாக உங்கள் கையிலேயே இருக்கும், மறுநாள் விடிந்ததும் மறுபடி நிரம்பத் தொடங்கும். அந்த 1 விழுந்தாலும்கூட, ஏவிய அம்புகள் ஏவியவைதான்.

நான் தடுக்கி விழுந்த இடம் இது. நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டது 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில். அதில் புதிதாகச் செய்த மந்திரக்கோலுக்கு 50 சார்ஜ், திரும்ப ஏறுகிற பேச்சே கிடையாது. ஐம்பதும் தீர்ந்தால் அடுப்பெரிக்கத்தான் ஆகும். மந்திரம் தெரியாத ரோக் அதைத் தொட வேண்டுமென்றால் தனித் திறமை வேண்டும், இருபது முகப் பகடையிலும் கூட்டுத்தொகை 20ஐயாவது தொட வேண்டும். அந்தப் பழக்கம் மண்டையில் ஊறிப்போயிருந்தது. ஐந்தாம் பதிப்புக்கு மாறி நானே டஞ்சன் மாஸ்டராக (ஆட்டத்தை நடத்துபவராக) உட்கார்ந்த பிறகும், கோலின் பத்தியைப் பாதி படித்துவிட்டு, ரோக் ஆடிய நண்பரிடம் “கடைசிச் சார்ஜ் போனால் கோலும் போச்சு” என்று சொல்லிவிட்டேன்.

அவர் சேமிப்பு மனம் கொண்டவர். அன்றிலிருந்து அந்த ஒற்றைச் சார்ஜைத் தாலிக்கொடி மாதிரி காத்தார்.

கதாபாத்திரங்கள் மூன்றாம் நிலைக்கு வந்திருந்தபோது ஒரு நிலவறை, எதிரே ஓகர் என்ற அரக்கப் பிராணி. அதன் 59 ஹிட் பாயின்ட்டில் (உயிர்ப் புள்ளிகளில்) 5 மட்டும் மிச்சம். இது என் தடுப்பு அட்டைக்குப் பின்னால் இருந்த தாளில்தான் இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாது. கிளெரிக் தரையில் கிடக்கிறார், டெத் சேவ் (உயிர் பிழைக்க உருட்டும் பகடை, மூன்று தவறினால் சாவு) ஒன்று ஏற்கெனவே தவறிவிட்டது. ரோக்கின் முறை. கோலை ஏவினால் மூன்று அம்பும் மிகக் குறைவாக விழுந்தாலும் 6. ஓகர் செத்தது செத்ததுதான். நண்பர் கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “வேண்டாம், வில்லையே எடுக்கிறேன்” என்றார். பகடையில் 4. அவருடைய வில் திறமைக்கான 5ஐக் கூட்டினால் 9. ஓகரின் தற்காப்பு 11, அம்பு படவில்லை. அடுத்த முறை ஓகருடையது. அது காலடியில் கிடந்தவரையே தடியால் அடித்தது. என் ஓகர் அவ்வளவு முட்டாளா, நான் அவ்வளவு கொடூரனா என்ற விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. நினைவில்லாதவர் மீது பக்கத்தில் நின்று விழும் அடி ஒரே நேரத்தில் இரண்டு டெத் சேவ் தவறியதற்குச் சமம். கணக்கு மூன்றாகிவிட்டது. கிளெரிக் ஆடியவர் பேசாமல் எழுந்து போய்த் தேநீர் வைத்தார்.

அன்றிரவு புத்தகத்தை முழுதாகப் படித்தபோதுதான் உறைத்தது. மறுவாரம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். காலியாக்கும் ஒவ்வொரு முறையும் கோல் அழிய 20இல் 1 வாய்ப்பு. இருபது முறை காலியாக்கினாலும் அது பிழைத்திருக்க ஏறக்குறைய 36 சதவீத வாய்ப்பு உண்டு. இருபது முறை காலியாகும் வரை உங்கள் கதை ஓடுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பாதி குழுக்கள் அதற்கு முன்பே வேலை மாற்றம், கல்யாணம் என்று கலைந்துவிடும். மறுபக்கம், கோல் நிறைந்திருக்கும்போது விடியும் ஒவ்வொரு நாளும் குறைந்தது 2 சார்ஜ் வீணாகிறது. பூட்டி வைப்பதுதான் நிச்சயமான நஷ்டம்.

ஒரே அடியாக எல்லாச் சார்ஜையும் கொட்டிவிடாதீர்கள். கூடுதலாகப் போடும் ஒவ்வொரு சார்ஜுக்கும் ஓர் அம்புதான் கூடும். ஏழையும் சேர்த்து ஏவினால் 9 அம்பு, ஒவ்வொன்றாக ஏவினால் 21. இந்த நொடியே ஒருவன் விழுந்தாக வேண்டும் என்றால் மட்டும் கொட்டலாம். எதிரி மந்திரவாதியாக இருந்தால் முதலில் ஒற்றைச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அவன் ஷீல்டு என்ற தடுப்பு மந்திரம் போட்டால் உங்கள் அம்பு ஒன்றும் செய்யாதுதான், ஆனால் அவனுடைய ஸ்லாட் (மந்திரம் போடும் கையிருப்பு) ஒன்றும் எதிர்வினை வாய்ப்பான ரியாக்‌ஷனும் அத்தோடு தீர்ந்தன. ஏழு சார்ஜைக் கொட்டியிருந்தாலும் அந்த ஒரே ஷீல்டு அத்தனையையும் தடுத்திருக்கும்.

எங்கள் கோல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். விதி தெரிந்த பிறகு நண்பர் அதை வாரி இறைத்தார். ஐந்தோ ஆறோ முறை காலியாக்கிய பிறகு, தப்பியோடிய ஒரு கொள்ளைக்காரன் முதுகில் கடைசிச் சார்ஜை ஏவினார். அவன் விழுந்தான். பகடையை உருட்டினார், 1. மேசையில் யாரும் பேசவில்லை. “சாம்பல் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார். அரைக் கைப்பிடி என்றேன். அவருடைய கதாபாத்திரத் தாளில், கயிற்றுக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் கீழே, “சாம்பல், ஒரு டப்பி” என்று இன்னும் எழுதியிருக்கிறது.