ரேடியேட்டர் பக்கத்து ஷூ

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங்கில் ஐடி வேலையில் இருக்கிறேன். 40 சதவீத வரி கட்டுகிறவன். எங்கள் கம்பெனியில் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம் இருக்கிறது. கம்பெனி சைக்கிள் வாங்கிக் கொடுத்து, காசை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். 2,400 பவுண்டில் கார்பன் பிரேம் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பணத்தை வரிக்கு முந்தைய சம்பளத்தில் பிடிப்பதால் 42 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். நிஜமாகவே மிச்சமா, கண்துடைப்பா? வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு காரில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டத்தான் வாங்குகிறேன். வைக்க இடம் ஒரு சிக்கல். ஹாலில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் எப்போதும் மனைவியின் ஈர ஷூ காய்ந்துகொண்டிருக்கும் (அவள் முதியோர் இல்லத்தில் காலை 7 மணி ஷிப்ட்). மாடிப்படிக்குக் கீழே வைத்தால் சைக்கிள் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது தம்பி. கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்குப் பேச வேண்டியது வேறு இருக்கிறது.

இந்தத் திட்டம் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் எல்லாம் இந்த 42 தவறாமல் இருக்கும். வருமான வரி 40, நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்பீடு) 2. மாதம் 200 பவுண்டு வீதம் 12 மாதம் பிடிப்பார்கள், உங்கள் கையில் குறைவது 116 தான். வருஷத்துக்கு 1,392. இதுவரை விளம்பரம் சொல்வது சரி. ஆனால் அந்த 12 மாதமும் நீங்கள் கட்டியது வாடகை. சைக்கிள் உங்களுடையது இல்லை. வருஷம் முடிந்த கையோடு சொந்தமாக்கிக்கொள்வதென்றால், 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு வரித்துறை வைத்திருக்கும் மதிப்பு 25 சதவீதம். இன்னொரு 600 பவுண்டு. மொத்தம் 1,992 ஆகிறது, 42 சதவீதம் 17 ஆகச் சுருங்குகிறது. அதனால்தான் பலரும் 7 சதவீதம், அதாவது 168 பவுண்டு டெபாசிட் கட்டி, மேற்கொண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் வைத்திருந்து, நாலாவது வருஷக் கடைசியில் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் அடக்கம் 1,560. மிச்சம் 840 பவுண்டு, 35 சதவீதம். ஆக, மிச்சம் உண்மைதான், பொறுமை இருந்தால். பிடித்தம் நடக்கும்போதே வேலையை விட்டால் மீதித் தவணை வரி போன பிறகு மிஞ்சும் சம்பளத்தில் போகும், அந்தப் பங்குக்குச் சலுகை ஒரு பென்னிகூடக் கிடையாது. அப்புறம், திட்டத்தை நடத்தும் நிறுவனங்களுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால், தள்ளுபடியில் போட்ட சைக்கிளைச் சில கடைக்காரர்கள் இதில் தருவதில்லை. கால் பங்கு தள்ளுபடியில் அதே சைக்கிள் கிடைத்தால் கைக்காசுக்கு 1,800. வித்தியாசம் 240 தான், முதல் நாளே உங்கள் சொத்து.

இவ்வளவும் உங்களுக்குத் தகுதி இருந்தால். 1999-இல் நிதிச் சட்டத்தில் இந்தச் சலுகை வந்ததே ஆட்கள் வேலைக்குச் சைக்கிளில் போகட்டும் என்றுதான். ஓட்டத்தில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்வருவதாக இருக்க வேண்டும். ரயில் நிலையம் வரை ஓட்டினாலும் சேர்த்திதான். உங்களுக்கோ வாரத்தில் ஒரே நாள் ஆபீஸ், மற்றபடி ஞாயிற்றுக்கிழமைச் சவாரி. யாரும் மைல் கணக்கு எழுதச் சொல்லப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். கேட்க ஆளில்லை என்று பொய்யில் கையெழுத்துப் போடுகிற வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லிக்கொடுப்பது?

சரி, ஷூவுக்கு வருகிறேன்.

‘எப்போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவருடைய ஷூ எப்போதும் ஏன் ஈரமாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? காரில் போகிறவருக்கு நனையாது. பஸ்ஸில் போகிறவருக்கு என்றைக்காவது நனையும். உங்கள் மனைவி நடந்து போகிறார். டிசம்பரில் ரெடிங்கில் விடியவே எட்டு மணி ஆகும், அவருக்கு ஏழு மணிக்கு ஷிப்ட். வீட்டில் கார் நிற்கிறது, அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படி விடிகாலை வேலைக்கு நடந்தவள். ராத்திரி ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைப்பேன். காலையில் தொட்டால் மேலே காய்ந்திருக்கும். காலை நுழைத்தால் விரல் முட்டும் இடத்தில் சில்லென்று ஈரம். அதோடு நாள் முழுக்க நின்றபடி வேலை. முதியோர் இல்லத்திலும் உட்கார நேரம் இருக்காது, ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை அது. அந்த ஷூவை நீங்கள் சைக்கிளுக்கு இடைஞ்சல் என்று எழுதுகிறீர்கள்.

திட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். அந்த வேலையில் பலருக்குச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டித்தான் இருக்கும். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அது மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. சைக்கிளுக்குப் பிடித்தது போகச் சம்பளம் அந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் திட்டத்தில் சேர முடியாது. தொழிலாளியைக் காக்கப் போட்ட விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பலன் என்ன? வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களுக்கு 42, இருட்டில் நடக்கும் அவருக்குப் பெரும்பாலும் பூஜ்யம். சேர முடிந்தாலும், அவருடைய வரி வீதம் குறைவு என்பதால், 28 சதவீதம்தான். உங்கள் பெயரில் எடுத்து அவர் கையில் கொடுக்கலாமே என்று குறுக்குவழி தேட வேண்டாம். சலுகை உங்களுக்கென்றால் வேலைக்கு ஓட்டுவதும் நீங்களாக இருக்க வேண்டும்.

அரசாங்கத்தின் கணக்கு அப்படி. வீட்டுக் கணக்கும் அப்படியே இருக்க வேண்டுமா? ஒரு குடும்பத்தில் காசு முதலில் போக வேண்டியது அதிகம் சிரமப்படுகிறவருக்கு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, பத்திரிகையை நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும்.

உங்கள் மனைவிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா, பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? கேளுங்கள். ஆம் என்றால் 500, 600 பவுண்டில் மட்கார்டும் செயின் கவரும் நல்ல விளக்கும் உள்ள சைக்கிளாகக் கைக்காசுக்கு வாங்கிக் கொடுங்கள். 1,560 எடுத்து வைக்கத் தயாராக இருந்தவர்தானே. வேண்டாம் என்றால் நல்ல மழை ஷூவும் டிரைவிங் வகுப்பும். கார்பன் சைக்கிளை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் தள்ளுபடியில்.

அதுவரை காலையில் காரை எடுங்கள். உங்கள் லேப்டாப் எப்படியும் ஒன்பதுக்குத்தானே திறக்கும்? அப்புறம், சைக்கிள் பிரேம் ஓட்டுகிறவர் உயரத்துக்குப் பார்த்து எடுக்க வேண்டியது. கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த நாள் ஷிப்ட் இல்லை என்று கேட்டுக்கொண்டு.