குடியாத்தத்திலிருந்து வயலினோடு கிளம்பும் ஒரு மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

மகளை இசைக் கல்லூரியில் சேர்ப்பது பற்றிப் பேச, போன வாரம் காட்பாடியில் என் அலுவலகத்துக்கு நீங்களும் உங்கள் மகளும் வந்திருந்தீர்கள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டீர்கள்: “லுங்கித் தறி போடுற வீட்டுப் பொண்ணு சார். நமக்கு இதெல்லாம் ஒத்துவருமா?” நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். அவள் எதிரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒத்துவரும். நம் வாலாஜாப்பேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர் நெசவைத் தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர சமூகத்தவர். தியாகராஜரின் நேர் சீடர். அவரும் அவர் வழிவந்தவர்களும் எழுதி வைத்த சுவடிகள் இன்றைக்கும் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகராஜரின் கீர்த்தனைகள் பல நம் காலம் வரை வந்து சேர்ந்ததில் அந்த வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வளவு பழைய கதை எதற்கு என்று கேட்டால், நம் காலத்திலேயே வேலூர் ராமபத்ரன் இருந்தார். ஊர்ப் பெயரையே தன் பெயராகச் சுமந்து மிருதங்கம் வாசித்தவர், 2004-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கியவர். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வெயிலும் பிரியாணியும்தான் சொந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வேலை விஷயம். இசைப் பட்டம் வாங்கியவுடன் மாதச் சம்பளம் தேடி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். வயலின் படித்தவர்களின் வருமானம் பெரும்பாலும் நாலைந்து வழிகளில் துண்டு துண்டாக வருகிறது: தனியார் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை, வீட்டிலும் இணையத்திலும் வகுப்பு, பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாசிப்பது, கச்சேரிப் பக்கவாத்தியம். வாய்ப்பாட்டுக்கு வைப்பதைப் போலவே வாத்தியத்துக்கும் ஆகாசவாணி, அதாவது அகில இந்திய வானொலி, தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுக்கிறது. அந்தத் தரம் ஒரு கலைஞருக்கு விலாசம் மாதிரி. பதினெட்டு வயதுக்குப் பிறகு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கும் முயற்சி செய்யலாம். தேர்வானால் மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும் என்பது விதி. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து கற்கிறாள், அதனால் அவளுடைய ஆசிரியரிடம் இப்போதே எழுத்தில் ஒரு சான்று வாங்கி வையுங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததாகவும் சொன்னீர்கள். அப்படியானால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

எந்தக் கல்லூரிகள் என்று அன்றைக்கே பேசினோம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள அரசு இசைக்கல்லூரி முதலாவது. 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய இடம். மெரினாவை ஒட்டிய ராணி மேரிக் கல்லூரியில் இசையில் பி.ஏ. உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் பக்கத்தில் திருவையாறு அரசு இசைக்கல்லூரி. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் பெயர் பெரியதுதான். ஆனால் அங்கே கொடுப்பது டிப்ளமோ. பிற்காலத்தில் பி.எட். படித்து ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பட்டம் கேட்பார்கள் என்பதை யோசித்து முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம். மூன்று போதும். மூன்று இடத்துக்கு அலைவதே பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அதிகம்.

இனி பயணம். பெற்றோர் கெடுப்பதும் காப்பாற்றுவதும் இதில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் மகனை மிருதங்கத் தேர்வுக்கு ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனேன். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர்தானே, காலையில் ரயிலேறினால் தேர்வு நேரத்துக்குப் போய்விடலாம், லாட்ஜ் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டேன். ரயில் தாமதம். வேலூரின் காய்ந்த வெயிலில் கணீரென்று இருந்த மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்), சென்னையின் கடல் ஈரத்தில் சுருதி இறங்கிப்போயிருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டித் தட்டி ஏற்றினான். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவை அப்பக்கூட நேரமில்லை. நான் தலைமாட்டில் நின்றுகொண்டு “சீக்கிரம், சீக்கிரம்” என்றேன். பெயர் கூப்பிட்டபோது அவன் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அந்த வருடம் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்த அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அதனால் முதல் நாள் மாலையே போய்விடுங்கள். வயலினுக்கும் இதே சங்கடம் உண்டு. காற்றின் ஈரம் மாறினால் தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கும், தந்தி இறங்கும். இரவே பெட்டியைத் திறந்து வைத்து, சுருதி சேர்த்து, காலையில் மறுபடி சேர்த்தால் வாத்தியம் அந்த ஊருக்குப் பழகிவிடும். ரயிலில் பெட்டியை ஜன்னலோரம் வெயில் படும்படி வைக்காதீர்கள். வில்லின் முடியைத் தளர்த்திவிட்டு மடியிலோ மேலேயோ வையுங்கள். சென்ட்ரலில் இறங்கி எதிரே பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் கிரீன்வேஸ் ரோடு வரை நேராகப் போகலாம். அரசு இசைக்கல்லூரி அங்கிருந்து பக்கம். முதல் நாளே ஒருமுறை நடந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். காலையில் வழி கேட்கும் பதற்றம் இருக்காது.

எங்கே தங்குவது என்பதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சொந்தக்காரர் வீடு வேண்டாம். பாசத்தில் குறையில்லை, ஆனால் இரவு சாப்பாடு ஆனதும் “எங்க, ஒரு பாட்டு வாசி கேக்கலாம்” என்பார்கள். வாசித்து முடித்ததும் “இதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?” என்பார்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை ராத்திரி தூங்காது. சுத்தமான சின்ன லாட்ஜ் போதும், அம்மாவும் கூட வந்தால் இன்னும் நல்லது. தேர்வு முடிந்த பிறகு சித்தப்பா வீட்டுக்குப் போய் வயிறார சாப்பிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். வில்லில் தேய்க்கும் ரோசின், கூடுதலாக ஒரு செட் தந்தி, விரலில் தடவ சின்ன டப்பாவில் தேங்காயெண்ணெய், வில்லையும் வாத்தியத்தையும் துடைக்கத் தனித்தனித் துணி, சுருதிப்பெட்டி. போனில் இருக்கும் சுருதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நடுவில் யாராவது அழைத்தால் சுருதி நின்றுபோகும். உங்கள் பை தனி: மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஒவ்வொன்றிலும் மூன்று நகல். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். சான்றிதழ் பற்றிய பேச்சு எதுவும் தேர்வு நாளன்று அவள் காதில் விழவே கூடாது.

உள்ளே பொதுவாக என்ன கேட்பார்கள் என்றால், ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், வாசிக்கச் சொல்வார்கள், ஒரு கீர்த்தனை கேட்பார்கள், ஏதாவது ஒரு ராகத்தின் ஆரோகணம் அவரோகணம் கேட்பார்கள். சுருதியும் தாளமும் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பல்லவி முடிந்ததுமே “போதும்மா” என்று நிறுத்திவிடுவது சகஜம். வெளியில் வரிசை நீளமாக இருக்கும், அவர்களுக்கு வேண்டியது தெரிந்துவிட்டால் நிறுத்துவார்கள். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால், நிறுத்தியதும் தோற்றுவிட்டோம் என்று எண்ணி அடுத்த கேள்விக்கு வாயடைத்துப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் வராந்தா இன்னொரு பரீட்சை, உங்களுக்கு. மயிலாப்பூர் பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து மழைபோல வாசித்துக்கொண்டிருக்கும். அதன் அம்மா, தன் பிள்ளை எந்தெந்த சபாவில் மேடையேறியது என்று சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் முகம் வாடினால் அவள் அதை உடனே படித்துவிடுவாள், பிள்ளைகள் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவளோடு எழுந்து வெளியே மரத்தடிக்குப் போய்விடுங்கள். “இதை இப்படி வாசி” என்று கடைசி நிமிடத் திருத்தம் எதுவும் வேண்டாம். அது அவள் ஆசிரியரின் வேலை, அவர் ஆறு வருடமாக அதைச் செய்துவிட்டார்.

வெளியே வந்ததும் “எப்படி வாசிச்ச?” என்று கேட்காதீர்கள். “பசிக்குதா?” என்று கேளுங்கள். திரும்பி வரும் ரயிலில் திருவள்ளூரோ அரக்கோணமோ தாண்டும்போது அவளாகவே பேச ஆரம்பிப்பாள். அழுதாலும் அழட்டும். அடுத்த தேர்வு சிதம்பரம் என்றால், விழுப்புரம் வழியாகப் போய் வரும் அந்த அலைச்சலுக்கு முன் மூன்று நாளாவது அவள் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கேயும் கிடைக்காமல் போனால்? அதற்கும் இப்போதே ஏற்பாடு இருக்கட்டும். மே மாதம் வாக்கில் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் திறக்கும்போது, அவளுக்குப் பிடித்த வேறொரு பாடத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். தமிழ் பிடிக்கும் என்றாள். திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே மூன்று ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு, செலவும் குறைவு. இதெல்லாம் பேசி வைத்துவிட்டால் தேர்வு அறைக்குள் போகும்போது அவள் தோளில் கொஞ்சம் பாரம் குறையும். ஆனால் இந்தப் பேச்சை இந்த மாதமே முடித்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தின ராத்திரி எடுத்தால், அப்பாவுக்கு நம்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் அவளுக்குக் கேட்கும்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அவள் வயலின் பெட்டியைத் திறந்தபோது கவனித்தேன். வில்லின் நுனிப்பக்கம் முடி பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கிறது. அவள் ஒரு ஓரமாகவே அழுத்தி வாசிக்கிறாள், அதனால்தான் மேல் தந்தியில் கீச்சிடுகிறது. உங்களிடம் காசு கேட்கத் தயங்கிக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். முடி மாற்றி, புது முடியில் ரோசின் நன்றாகப் பிடித்து, கை அதற்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அவள் ஆசிரியரிடம் கேட்டு, அவர் சொல்லும் ஆளிடம் இந்த வாரமே வில்லைக் கொடுத்துவிடுங்கள். அதுவரை வாசிக்க அவரிடமே ஒரு வில்லை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.