சுவரிலும் ரயிலிலும் ஸ்ப்ரே பெயின்டால் பெயர் எழுதும் கிராஃபிட்டி எப்படித் தொடங்கியது? தொடங்கியவர்கள் அதைக் கலை என்று நினைத்தார்களா?

கலையைப் பற்றியெல்லாம் அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஊர் முழுக்கத் தன் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பழைய ஆட்கள் தங்களை 'ரைட்டர்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்; 'கிராஃபிட்டி' பத்திரிகைகள் ஒட்டிய பெயர். எழுத்துரு வடிவமைப்பு என் பிழைப்பு என்பதால் எனக்கு இதில் தனி ஈர்ப்பு உண்டு.

சுவரில் கிறுக்குவது என்னவோ பழைய பழக்கம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் என்ற ரோமானிய நகரத்தின் சுவர்களில் ஆயிரக்கணக்கான கிறுக்கல்கள் கிடைத்திருக்கின்றன. 'இத்தனை பேரின் உளறலைத் தாங்கியும் நீ இன்னும் இடிந்து விழவில்லையே' என்று சுவரையே ஒருவர் கிண்டலடித்திருக்கிறார், அதே சுவரில் எழுதி! கீழடிப் பானையோட்டுக் கீறல்களையும் ஆய்வாளர்கள் கிராஃபிட்டி என்றே குறிப்பிடுகிறார்கள். கீறுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல் அது.

சரி, நீங்கள் கேட்கும் ஸ்ப்ரே பெயின்ட் கதை 1960களின் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. சிறார் சீர்திருத்தப் பள்ளியில், பாட்டி செய்வதுபோல கார்ன்பிரெட் (சோளமாவு ரொட்டி) வேண்டும் என்று சமையல்காரரை நச்சரித்த டாரில் மெக்ரேவுக்கு அதுவே பட்டப்பெயரானது. வெளியே வந்ததும் அதை ஊரெங்கும் எழுதினார். 1971இல் அவர் இறந்துவிட்டதாகத் தவறாகச் செய்தி வர, மிருகக்காட்சிசாலைக்குள் புகுந்து யானையின் மேல் 'கார்ன்பிரெட் உயிரோடிருக்கிறான்' என்று எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நியூயார்க்கில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டவர் டாக்கி 183. கிரேக்கக் குடும்பத்துப் பையன்; 183 அவன் வசித்த தெரு எண். கடிதம், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்பதால் போகிற இடமெல்லாம் மார்க்கரால் எழுதிக்கொண்டே போனான். ஜூலியோ 204 அவனுக்கும் முன்னால் எழுதியவன். ஆனால் 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது டாக்கியைப் பற்றித்தான். அப்புறம் கேட்கவா வேண்டும், ஊரில் பாதிப் பையன்கள் மார்க்கரோடு கிளம்பிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் இங்கேதான் வருகிறது. எல்லார் பெயரும் எங்கும் இருந்தால் யார் பெயர் கண்ணில் படும்? அதனால் எழுத்தின் அளவு பெரிதாக ஆரம்பித்தது. 1972 வாக்கில் சூப்பர் கூல் 223 என்ற ரைட்டர் வேறொரு ஸ்ப்ரே டப்பாவின் அகலமான மூக்கைக் கழற்றி பெயின்ட் டப்பாவில் மாட்டினார். ஒரே இழுப்பில் தடித்த கோடு விழுந்தது. பெரிய எழுத்தை வேகமாக நிரப்ப முடிந்தது இதனால்தான். ஃபேஸ் 2 என்ற இன்னொரு ரைட்டர் எழுத்துகளைக் காற்றடித்த பலூன்போல உப்ப வைத்தார். சுரங்க ரயில் பெட்டியில் எழுதினால் பெயர் தானே ஊரைச் சுற்றிவரும் என்பதால் போட்டி அங்கே சூடுபிடித்தது. ஓவியப் பள்ளி எதுவும் சொல்லித்தராமல், இடநெருக்கடியால் மட்டுமே ஒரு எழுத்துப் பாணி பிறந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

'கலை' என்ற பட்டம் பின்னால் வந்தது. 1972இல் ஹியூகோ மார்டினெஸ் என்ற கல்லூரி மாணவர் இந்தப் பையன்களில் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அடுத்த ஆண்டே ரேசர் கேலரியில் அவர்கள் கேன்வாஸில் வரைந்தவை காட்சிக்கு வந்தன. ரயில் நிர்வாகமோ பெட்டிகளைக் கழுவிக்கொண்டே இருந்தது. 1989 மே மாதம்தான் கிராஃபிட்டி உள்ள கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். டாக்கி அதற்கு வெகுகாலம் முன்பே மார்க்கரைக் கீழே வைத்துவிட்டார்.